பத்மினி அக்கா போட்ட இணைப்பு

பௌர்ணமிக்கு மறுநாள் எங்கள் அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். முந்தின நாள் கத்திக் கத்தி எல்லோருக்கும் தொண்டை கட்டியிருக்கும். லாட்ஜுகளுக்கு மென்பொருள் செய்து கொடுக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. திருவண்ணாமலை வேட்டவலம் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே, இரண்டாவது மாடி. அறை பதிவு செய்வது, பில் போடுவது, தங்க வருபவரின் அடையாள அட்டையை நகலெடுத்து வைப்பது எல்லாம் எங்கள் மென்பொருளில் ஓடும். ஊரில் எழுபத்து நான்கு லாட்ஜுகள் அதை வைத்திருக்கின்றன. கிரிவலத்துக்குக் கூட்டம் வந்து இறங்குகிற நாளில் அந்த எழுபத்து நான்கிலிருந்தும் போன் வரும்.

அந்தப் போன்களை எடுப்பவர் பத்மினி அக்கா. கூட ஒரு ஆள், அன்புச்செல்வி. எங்கள் ஹெல்ப் டெஸ்க் என்பது இந்த இரண்டு பேரும் இரண்டு ஹெட்செட்டும்தான்.

அக்காவுக்கு நாற்பத்தொரு வயது. கீழ்பென்னாத்தூர் தாண்டி உள்ளே போனால் வருகிற, நயினார் என்று நாங்கள் சொல்லும் தமிழ்ச் சமணர்களின் ஊர் அவருடையது. சமணக் குடும்பம், கொஞ்சம் நிலம், வீட்டுக்காரர் வீரேந்திரன் அதைப் பார்த்துக்கொள்கிறார். பிளஸ் டூ முடித்ததும் கல்யாணம். பிறகு பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் ஒன்றில் ரிசப்ஷனில் பதினோரு வருஷம். அங்கிருந்துதான் எங்களிடம் வந்தார். பொழுது சாய்ந்தபின் சாப்பிடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு டிபன் டப்பாவைத் திறந்துவிடுவார். பௌர்ணமியன்று போன் ஜாஸ்தியாக வருவதும் அந்த நேரத்தில்தான். "ஒரு நிமிஷம் லைன்ல இருங்க ஐயா, சூரியன் போயிடுவாரு" என்று சொல்லிவிட்டு இரண்டு வாய் போட்டுக்கொண்டு வருவார். லாட்ஜ்காரர்கள் காத்திருப்பார்கள். யாரும் கோபித்துக்கொண்டதாக நினைவில்லை.

நானும் அந்தப் பக்கத்து ஊர்க்காரன்தான். எங்கள் வீட்டில் வேர்க்கடலை போடுவார்கள். முதல் பட்டதாரி என்று தாசில்தார் கையெழுத்துப் போட்ட சான்றிதழைக் காட்டி, கட்டணச் சலுகையில் பி.இ. படித்து வந்தவன். காலையில் நானும் அக்காவும் ஒரே பஸ்ஸில் வருவோம்.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், எங்கள் அலுவலகத்தில் இருந்த ஓர் ஓட்டையைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் வேலை செய்வது இரண்டு மென்பொருள்களில். ஒன்று ஹெல்ப் டெஸ்க். லாட்ஜ்காரர் போனில் சொன்னாலும் வாட்ஸ்அப்பில் எழுதினாலும் அது ஒரு டிக்கெட்டாக அதில் விழும். இன்னொன்றை நாங்கள் போர்டு என்போம். நிரல் எழுதுகிற நானும் சக்கரவர்த்தியும் அதைப் பார்த்துத்தான் வேலை செய்வோம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கார்டு. செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, முடிந்தது என்று மூன்று வரிசை. கார்டு இடமிருந்து வலமாக நகர்ந்து போகும்.

இந்த இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. டிக்கெட்டைப் படித்து அதைப் போர்டில் கார்டாகத் தட்டச்சு செய்வது அக்காவின் வேலை. நாங்கள் முடித்துவிட்டோமா என்று பார்த்து லாட்ஜுக்குப் போன் போட்டுச் சொல்வதும் அவர் வேலை. நாங்கள் டிக்கெட் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. போர்டில் இல்லாதது எங்களைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை.

மாசி பௌர்ணமியன்று எண்பத்தாறு டிக்கெட் விழுந்தது. போனையும் எடுத்துக்கொண்டு அக்காவால் முப்பத்தெட்டைத்தான் போர்டுக்கு மாற்ற முடிந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். செங்கம் ரோட்டில் லாட்ஜ் வைத்திருக்கிற சக்கரபாணி ஐயா சொன்னது அறுபத்தோராவது டிக்கெட். ஆன்லைனில் ஒருவர் பதிவு செய்த பதினோராம் நம்பர் அறையைக் கவுன்டரில் வந்த இன்னொருவருக்கும் மென்பொருள் கொடுத்துவிடுகிறது என்பது புகார். அது போர்டுக்கு வரவே இல்லை.

பங்குனி பௌர்ணமியன்று அதே அறை மறுபடியும் இரண்டு பேருக்குப் போனது. நெல்லூரிலிருந்து கைக்குழந்தையோடு வந்த குடும்பம் பெட்டியும் படுக்கையுமாக வரவேற்பறையில் நிற்க, அறைக்குள்ளே வேறொரு குடும்பம் குளித்துக்கொண்டிருந்தது. சக்கரபாணி ஐயா இந்தத் தடவை ஹெல்ப் டெஸ்குக்குப் பேசவில்லை. நேராக எங்கள் முதலாளி பிரசாத் சாரைக் கூப்பிட்டார். சார் ஸ்பீக்கரில் போட்டார். நாங்கள் எல்லோரும் கேட்டோம்.

"பிரசாத்து, போன மாசமே சொன்னேன். எழுதிக்கினீங்க. இன்னா பண்ணீங்க? கொழந்தைய வெச்சிக்கினு அந்தம்மா படிக்கட்டுல உக்காந்துக்கினு இருக்குது. நான் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அது பக்கத்துல போவேன்? சித்ரா பௌர்ணமிக்கும் இதே பேஜாருன்னா நான் வேற சாப்ட்வேருக்குப் போறேன். எங்க சங்கத்துல பத்தொம்போது லாட்ஜு. எல்லாம் என்கூட வரும்."

மறுநாள் காலையில் பிரசாத் சார் எங்களை உட்காரவைத்துப் பேசினார். ஹெல்ப் டெஸ்கை சென்னையில் ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்று இருக்கிறாராம். அங்கே போன் எடுக்கவே இருபது பேர்.

"உங்க மேல தப்பு சொல்லல பத்மினிக்கா. ஒரு ஆளு எவ்ளோ காப்பி பண்ண முடியும்?"

"அதேதான் சார் நானும் சொல்றேன்" என்றார் அக்கா. "இருபது பேரு உக்காந்தாலும் அவங்களும் கையாலதான் காப்பி பண்ணுவாங்க. அங்கயும் ஒண்ணு விட்டுப்போவும். ரெண்டு சாப்ட்வேரையும் சேத்துடுங்க. டிக்கெட் விழுந்தா கார்டு தானா விழணும். கார்டு முடிஞ்சா லாட்ஜுக்குத் தானா சேதி போவணும்."

"பசங்களுக்கு நேரம் இல்லக்கா. சித்ரா பௌர்ணமிக்கு முன்னாடி ஏகப்பட்ட வேல இருக்குது."

"பசங்கள யாரு கேட்டா? நான் பண்றேன்."

சக்கரவர்த்தி சிரித்துவிட்டான். "அக்கா, இது புள்ளி வெச்சு கோலம் இழுக்கற மாதிரி இல்லக்கா."

"நீ புள்ளியே வெச்சதில்லையே, உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் அக்கா.

நானும் சிரித்தேன் என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். நான்கு வருஷம் படித்துவிட்டு வந்து நான் செய்கிற வேலையை, ரிசப்ஷனிலிருந்து வந்தவர் செய்துவிட முடியுமா என்று எனக்குள் ஓடியது.

பிரசாத் சார் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "சரி. சித்ரா பௌர்ணமி வரைக்கும் பாருங்க. அன்னிக்கு ஒரே ஒரு டிக்கெட் விட்டுப்போனாலும் சென்னைதான். அப்புறம் என்ன ஒண்ணும் கேக்கக்கூடாது."

இருபத்தெட்டு நாள் இருந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டேன். "ஏன்க்கா இவ்ளோ அடம்? உங்களுக்கு எந்த லாட்ஜுல வேணா ரிசப்ஷன் வேல கெடைக்குமே."

"கெடைக்கும் தம்பி. பதினோரு வருஷம் நின்னுக்கினே இருந்தேன். மொதலாளி வந்தா நிக்கணும், பார்ட்டி வந்தா நிக்கணும், போலீசு வந்தா நிக்கணும். இங்க வந்துதான் உக்காந்து பேசறேன். எழுவத்து நாலு லாட்ஜுலயும் என் குரல் தெரியும். எவன் சண்டைக்கு வருவான், எவன் அழுவான்னு எனக்குத் தெரியும். அதத் தூக்கி மெட்ராசுக்குக் குடுக்கறேன்னா எப்பிடி? இது என் சீட்டு. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அடுத்த நாளிலிருந்து ஒரு பஸ் முன்னாடி வர ஆரம்பித்தார். ஏழேகாலுக்கே அலுவலகம் திறந்திருக்கும். இரண்டு மென்பொருள்களையும் இணைப்பதற்கென்று ஒரு பக்கம் ஹெல்ப் டெஸ்க் மென்பொருளிலேயே உண்டு. முழுக்க ஆங்கிலம், முழுக்கக் கட்டங்கள். அக்கா அதைத் திரையில் வைத்துக்கொண்டு ஒரு அறுபது பக்க நோட்டில் கோடு போட்டு, இடது பக்கம் டிக்கெட்டில் இருப்பது, வலது பக்கம் கார்டில் இருப்பது என்று எழுதினார். லாட்ஜ் பெயர் எங்கே போக வேண்டும், அறை எண் எங்கே, போட்டோ அனுப்பினால் அது எங்கே. என்னிடம் வந்து வார்த்தைக்கு அர்த்தம் கேட்பார். செய்து கொடு என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நான் மவுசைத் தொடப் போனால் கையைத் தட்டிவிடுவார்.

ஒரு கட்டத்தில் மட்டும் நான்கு நாள் நின்றுவிட்டார். எவ்வளவு அவசரம் என்கிற கட்டம் அது. டிக்கெட்டில் லாட்ஜ்காரர் சொல்கிற அவசரத்தை அப்படியே கார்டுக்கு அனுப்பினால் போதும் என்றேன் நான்.

"எழுவத்து நாலு பேரும் அவசரம்னுதான் சொல்வாங்க. பில்லுல பேரு சின்னதா விழுதுன்னு ஒருத்தர் அவசரம்னு அழுவாரு. ரூமுல ரெண்டு பேர் இருக்காங்கன்னு இன்னொருத்தர் மெதுவா சொல்வாரு. நீ யாரை மொதல்ல பாப்ப?"

அக்கா அந்தக் கட்டத்தையே தூக்கிவிட்டு ஒரே ஒரு கேள்வியை வைத்தார். கவுன்டர்ல ஆள் நிக்குதா? ஆமாம் என்றால் கார்டு சிவப்பாகி மேலே போய் உட்காரும். இல்லை என்றால் வெள்ளையாக வரிசையில் நிற்கும். அன்புச்செல்வியும் அன்றிலிருந்து போனை எடுத்ததும் முதலில் அதைத்தான் கேட்டாள்.

சக்கரவர்த்திக்கு வாய் சும்மா இருக்காது. "அக்கா, கார்டு தானா விழ ஆரம்பிச்சிட்டா உங்களுக்கு இன்னா வேல இருக்குது? உங்க வேலைய நீங்களே காலி பண்ணிக்கறீங்க."

"காப்பி அடிக்கறதா என் வேல? அது எனக்குப் புடிச்ச நோய். வந்தவங்களுக்கு ரூம் கெடைக்க வெக்கறதுதான் என் வேல."

அமாவாசையன்று சோதனை ஓட்டம் வைத்தார். அன்றைக்குக் கூட்டம் கம்மி. காலை ஒன்பதே காலுக்கு முதல் டிக்கெட் விழுந்தது. மூன்று விநாடி கழித்துப் போர்டில் கார்டு தானாக வந்து உட்கார்ந்தது. லாட்ஜ் பெயர் சரி, அறை எண் சரி, போட்டோவும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அன்புச்செல்வி கை தட்டினாள். அக்கா நோட்டைத் திறந்து ஒவ்வொரு வரியாக டிக் போட்டுவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

அன்று முப்பத்தொரு டிக்கெட். எல்லாவற்றையும் நாங்கள் முடித்தோம். நாங்கள் கார்டை முடிந்தது வரிசைக்குத் தள்ளியதும், உங்கள் புகார் சரிசெய்யப்பட்டது என்று லாட்ஜுக்கு வாட்ஸ்அப்பில் தானாகச் சேதி போனது. சக்கரவர்த்தி எழுந்து வந்து, "கோலம் நல்லாதான் வந்திருக்குதுக்கா" என்றான்.

மறுநாள் காலையில் அவன் போட்ட சத்தத்தில் கீழே டைல்ஸ் கடைக்காரரே மேலே பார்த்தார்.

"இன்னாக்கா இது? நேத்து முடிச்சது எல்லாம் திரும்ப வந்து நிக்குது."

முப்பத்தொன்றில் இருபத்தாறு கார்டுகள் செய்ய வேண்டியது வரிசையில் நின்றன. அக்கா ஒரு டிக்கெட்டைத் திறந்தார். சரிசெய்யப்பட்டது என்ற சேதிக்குக் கீழே லாட்ஜ்காரர் பதில் எழுதியிருந்தார். அண்ணாமலையாருக்கு அரோகரா. அடுத்ததைத் திறந்தார். கூப்பிய கைகளின் படம். அதற்கடுத்தது: நன்றிமா, அரோகரா. ஒருவர் மலைக்குப் பின்னால் சூரியன் எழும் படத்தைக் காலை வணக்கத்தோடு அனுப்பியிருந்தார்.

எங்கள் ஊரில் பேச்சை அப்படித்தான் முடிப்பார்கள். யாராவது ஒரு காரியம் செய்து கொடுத்தால் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை. இந்த ஹெல்ப் டெஸ்க் மென்பொருளை எங்கோ உட்கார்ந்து செய்தவர்களுக்கு அது தெரியாது. வேலை முடிந்தது என்று சொன்ன பிறகும் ஒருவர் எழுதுகிறார் என்றால், அவர் பிரச்சினை தீரவில்லை என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். டிக்கெட்டைத் திரும்பத் திறந்துவிடும். முன்பெல்லாம் அப்படித் திறந்தால் அக்கா ஒரு தட்டுத் தட்டி மூடிவிடுவார், எங்களுக்குத் தெரியாது. இப்போது இரண்டும் சேர்ந்துவிட்டதால் டிக்கெட் திறந்ததும் கார்டும் கூடவே எழுந்து வந்துவிட்டது.

"இது அரை மணி நேர வேலக்கா" என்றேன் நான். அரோகரா, நன்றி, வணக்கம், கூப்பிய கை இவற்றில் எது இருந்தாலும் அந்தப் பதிலைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வடிகட்டி எழுதினேன். இருபது நிமிஷத்தில் முடிந்தது. எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

அக்கா திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "அந்த வார்த்தையோட வேற ஏதாவது சேத்து எழுதியிருந்தா?"

"எழுத மாட்டாங்கக்கா."

அவர் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார்.

ஐந்து நாள் கழித்து சக்கரபாணி ஐயா எங்கள் மாடிப்படி ஏறி வந்தார். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மூச்சு வாங்கியது. பிரசாத் சார் எழுந்து நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. போனை அக்காவிடம் நீட்டினார்.

"ஏம்மா பத்மினி, நாலு நாளா எழுதறேன். ஒரு பதிலு இல்ல. நீயாவது பதிலு போடுவன்னு நெனச்சேன்."

பதினோராம் நம்பரைச் சரிசெய்ததாக அமாவாசையன்று போன சேதிக்குக் கீழே அவர் எழுதியிருந்தது இதுதான். அரோகரா. பதினோராம் நம்பர் இன்னும் அப்படியேதான் இருக்குது. நன்றி.

ஒரே செய்தி, நான்கு நாளும். நான்கையும் என் வடிகட்டி விழுங்கியிருந்தது. அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"எங்க தப்பு ஐயா. உங்க சேதி எங்க கைக்கு வரல. இப்பவே பாக்கறோம், நீங்க உக்காருங்க." அவருக்குத் தண்ணீர் கொடுத்து, என்னிடம் கார்டைக் கொடுத்தார். பதினோராம் நம்பரின் கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்ய எனக்கு ஐம்பது நிமிஷம் ஆனது. அதுவரை அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். பிறகு படி இறங்கிப் போனார்.

"பதிலே வர வேணாம்க்கா" என்றேன். "இந்த எண்ணுக்குப் பதில் அனுப்ப வேண்டாம்னு கீழ ஒரு வரி போட்டுடலாம்."

"அரோகரான்னு சொல்றவங்களப் பாத்து, வாய மூடுங்கன்னு எழுதறதா? உங்க ஊர்ல நீ அப்பிடிச் சொல்லிட்டு வீடு வந்து சேருவியா?"

பிரசாத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போதும் பத்மினிக்கா. நல்லாதான் முயற்சி பண்ணீங்க. எட்டு நாள்தான் இருக்குது. பழையபடி ஓட்டிட்டு, அப்புறம் சென்னைக்கே குடுத்துடலாம்."

"சித்ரா பௌர்ணமி வரைக்கும்னு சொன்னீங்க சார். அந்த எட்டு நாளும் என்னுது" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டார்.

அன்று மத்தியானம் முழுக்க அக்கா இணைப்பைத் தொடவில்லை. பழைய பதில்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தார். மூன்று மணி வாக்கில் என்னைக் கூப்பிட்டார்.

"ரிசப்ஷன்ல இருக்கும்போது ரூம் காலி பண்றவங்களக் கேப்போம். எல்லாம் வசதியா இருந்துச்சாங்கன்னு கேட்டா, நல்லா இருந்துச்சும்மான்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. வெளிய போய்த் திட்டுவாங்க. சுடுதண்ணி வந்துச்சா, வரலயான்னு கேட்டா நெசத்த சொல்வாங்க. நாம இப்ப சரி பண்ணிட்டோம்னு நாமளே சொல்லிட்டு உக்காந்துக்கினு இருக்கோம். கேக்கவே இல்லையே."

சேதியை மாற்றினார். சரிசெய்யப்பட்டது என்பது போய்க் கேள்வி வந்தது. கோளாறு சரியாகிவிட்டதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 2 அனுப்புங்கள்.

ஒன்று வந்தால் டிக்கெட் மூடிவிடும். இரண்டு வந்தால் கார்டு சிவப்பாகி மேலே ஏறும். "இந்த ரெண்டும் இல்லாம வேற எது வந்தாலும் தனியா ஒரு எடத்துல சேரணும். அத நானும் அன்புவும் படிப்போம். இது மட்டும் அந்தப் பக்கத்துல இல்ல. இத நீ எழுதிக் குடு" என்றார். "ஒண்ணு சொல்றேன். எதையும் தூக்கிப் போடாத. உன் புரோகிராமுக்குப் புரியாதத எல்லாம் எனக்கு அனுப்பு. எனக்குப் புரியும்."

அந்த இடத்துக்கு அரோகரா என்றே பெயர் வைத்தார்.

நான் அதை எழுதி முடித்ததும் அவர் போனை எடுத்தார். எழுபத்து நான்கு லாட்ஜுக்கும் அவரே பேசுவதாக முடிவு. அன்புச்செல்வி அன்றாட டிக்கெட்டுகளைப் பார்த்துக்கொண்டாள். நான்கு நாள். லாட்ஜில் முதலாளி இருப்பார், மேனேஜர் இருப்பார், ஷிஃப்டுக்கு ஒரு ரிசப்ஷன் ஆள் இருப்பார். ஒருவருக்குச் சொன்னால் இன்னொருவருக்குத் தெரியாது. எல்லோரிடமும் சொன்னார். அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு லாட்ஜின் மேனேஜரோடு பேசியதை நான் பக்கத்திலிருந்து கேட்டேன். ஸ்பீக்கரில் இருந்தது.

"ரெண்டு போட்டா நீ கோச்சிக்க மாட்டியாம்மா?"

"நான் ஏண்ணா கோச்சிக்கறேன்?"

"இல்ல, பாவம், நீங்க வேல செஞ்சிட்டு முடிஞ்சிதுன்னு சொல்றீங்க. இல்லன்னு எப்பிடி மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்றது? அதான் நான் கும்பிட்டு விட்டுடறது."

"அந்தக் கும்பிடு எங்கள ஏமாத்திடுதுண்ணா. சரியில்லன்னா ரெண்டு போடுங்க. பத்து தடவ சரியில்லன்னா பத்து தடவயும் போடுங்க. போடலன்னாதான் கோச்சிக்குவேன்."

"அரோகரா போடலாமா?"

"அத எப்ப வேணா போடுங்க."

போனை வைத்துவிட்டு அக்கா நோட்டில் ஒரு லாட்ஜ் பெயரை அடித்தார். எங்கள் மென்பொருள் நன்றாக இருப்பதாக இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கும்பிடுகளுக்குள் எத்தனை இரண்டுகள் ஒளிந்திருந்தனவோ என்று அப்போது தோன்றியது.

சித்ரா பௌர்ணமியன்று காலை ஆறு மணிக்கே ஊருக்குள் பஸ் விடவில்லை. எல்லாவற்றையும் வெளியே தற்காலிக நிறுத்தத்தில் நிறுத்திவிட்டார்கள். நானும் அக்காவும் மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தோம். எட்டு மணிக்கு டிக்கெட் விழ ஆரம்பித்தது. பத்து மணிக்கு முப்பது. மத்தியானத்துக்குள் எழுபதைத் தாண்டியது. அக்காவும் அன்புச்செல்வியும் தட்டச்சு செய்யவில்லை, பேசிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். கார்டுகள் தானாக வந்து விழுந்தன. நானும் சக்கரவர்த்தியும் சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டே போனோம். பிரசாத் சார் ஒரு நாற்காலியை எங்கள் முதுகுக்குப் பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். டீ வந்தது, ஆறியது.

நான்கு மணி இருபதுக்கு செங்கம் ரோட்டிலிருந்து ஒரு சிவப்புக் கார்டு வந்தது. சக்கரபாணி ஐயாவின் லாட்ஜ், ஏழாம் நம்பர் அறை, இரண்டு பதிவு. ஒரு பதிவை ரத்து செய்துவிட்டு வேகமாகக் கார்டை முடிந்தது வரிசைக்குத் தள்ளினேன். சேதி போனது. ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அதே கார்டு சிவப்பாகத் திரும்பி வந்து எல்லாவற்றுக்கும் மேலே உட்கார்ந்தது.

"ஐயா ரெண்டு போட்டுட்டாரு" என்றான் சக்கரவர்த்தி.

பிரசாத் சார் எழுந்து நின்றுவிட்டார். அக்கா ஏற்கெனவே லைனில் இருந்தார்.

"ஐயா, பத்மினி பேசறேன். கவுன்டர்ல ஆள் நிக்குதா?"

"நிக்கறாங்கம்மா. ஓங்கோலுலருந்து வந்தவங்க. ஆறு பேரு. ஒரு வயசான அம்மா இருக்குது. ரூமு அவங்களுதுன்னு பேப்பர நீட்டறாங்க. என் கம்ப்யூட்டர் வேற பேரக் காட்டுது."

"உங்களுக்குப் பதினேழாம் நம்பர் காலியாயிடுச்சில்ல?"

"அத இன்னும் கழுவி முடிக்கலயே."

"பரவால்ல, அந்தம்மாவ மொதல்ல அந்த ரூமுலயே ஓரமா ஒரு நாற்காலி போட்டு உக்கார வெச்சிடுங்க, ஃபேன் ஓடட்டும். ரூமு கழுவற நேரத்துல பசங்க இத முடிச்சிடுவாங்க. நான் லைன்லயே இருக்கேன்."

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் பக்கம் பதிவை ரத்து செய்திருந்தேன், ஆனால் அவர் கவுன்டர் கணினி பழைய பட்டியலையே பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. முன்பு மாதிரி இருந்திருந்தால், முடித்துவிட்டேன் என்று நான் சொல்லியிருப்பேன், அவர் கும்பிட்டிருப்பார், ஓங்கோல்காரர்கள் நடுத்தெருவில் நின்றிருப்பார்கள். பதினொரு நிமிஷத்தில் அது சரியானது. மறுபடி கேள்வி போனது. கொஞ்ச நேரம் எதுவும் வரவில்லை. அக்கா ஹெட்செட்டை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தார்.

ஒன்று வந்தது.

பிரசாத் சார் நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த போன் அடித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் நாங்கள் வருவதற்குள் அக்காவும் அன்புச்செல்வியும் ஒரு கணக்கை முடித்திருந்தார்கள். இரண்டு மென்பொருளையும் தனித்தனியாகத் திறந்து, வரிக்கு வரி வைத்துப் பார்த்திருந்தார்கள். டிக்கெட் நூற்று அறுபத்து மூன்று. கார்டு நூற்று அறுபத்து மூன்று. விட்டுப்போனது எதுவும் இல்லை. அந்தத் தாளை பிரசாத் சாரின் மேஜையில் வைத்துவிட்டு அக்கா நின்றார்.

சார் இரண்டு தடவை படித்தார். "சக்கரபாணி ஐயா காலைலயே பேசினாரு. சங்கத்துல யாரும் போவலயாம்."

"சந்தோஷம் சார். சென்னைக்காரங்களுக்கு இன்னா சொல்லப் போறீங்க?"

"வேணாம்னு சொல்லிடறேன்க்கா."

"எப்ப?"

"சொல்லிடறேன். சாயங்காலம் போன் பண்றேன்."

"போன் வேணாம் சார். மெயில் போடுங்க. இப்ப போடுங்க."

பிரசாத் சார் அவரை நிமிர்ந்து பார்த்தார். அக்கா நகர்வதாகத் தெரியவில்லை. சார் லேப்டாப்பை இழுத்து வைத்துத் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். நாலு வரிதான். அக்கா மேஜையைச் சுற்றிப் போய் அவர் பின்னால் நின்று, உதட்டை அசைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தார்.

"தற்போதைக்குன்னு ஒரு வார்த்த போட்டிருக்கீங்க சார். அது எதுக்கு?"

சார் கர்சரை அங்கே கொண்டுபோய் அந்த வார்த்தையை அழித்தார். அக்கா இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார்.

"இப்ப அனுப்புங்க" என்றார்.